நெடும்பாட்டு மலையேறிய கதை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. விடியற்காலை ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், குறித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாசம் ஒனக்கு எத்தன பேரு?’ என்று தலவாக்கலைப் பக்கத்து லயமொன்றில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், அவள் விசாரிப்பது சம்பளத்தை. மனிதருக்கு வைத்த பெயரும் அவர் உழைப்புக்கு வைத்த விலையும் ஒரே சொல்லாகிப் போன இடம் அது.

கதைப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் வந்து நின்றது இந்தச் சொல்தான். கதைப்பாட்டின் உயிர் பெயரில் இருக்கிறது. இன்னார் வயிற்றில் பிறந்தான், இன்னாரோடு பகைத்தான், இன்ன இடத்தில் விழுந்தான் என்று ஆளும் ஊரும் சொல்லி, கேட்கிறவர் கண் கலங்கும்வரை விடாமல் பாடுவது அது. தாலாட்டு ஆசையைப் பாடும், ஒப்பாரி துக்கத்தைப் பாடும்; கதைப்பாட்டு நடந்ததைப் பாடும். ஆங்கிலத்தில் பேலட் என்பார்கள். அந்தச் சொல்லின் வேர், ஆடுதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. நம் சனங்கள் அதற்குப் பொதுப்பெயர் ஒன்று தேடி அலையவில்லை. கதை, சிந்து, கும்மி, அம்மானை, மாலை, சண்டை என்று வாய்க்கு வந்தபடி அழைத்தார்கள்: நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, கான்சாகிபு சண்டை. 1970-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் நா. வானமாமலை மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டபொம்மு, கான்சாகிபு, முத்துப்பட்டன் கதைகளைப் பதிப்பித்துக் கொடுத்தார். ‘கதைப்பாடல்’ என்ற பெயர் படித்தவர் மத்தியில் ஊன்றியதில் அந்தப் பதிப்புகளுக்குப் பெரிய பங்குண்டு.

அந்தக் கதைகளில் ஒன்று கடல் கடந்து மலையேறியது. அதன் பின்னால் போய்ப் பார்க்கவே எனக்கு ஆசை.

அது புறப்பட்ட ஊர் திருச்சிச் சீமையில், மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூர். பொன்னர் சங்கர் என்ற இரட்டைப் பிறப்பு அண்ணன் தம்பி, அவர்கள் தங்கை அருக்காணித் தங்காள், பொன்னிவளநாடு என்னும் வயல் நாடு, தலையூர்க் காளி என்னும் பகைவன், கொம்பன் என்னும் காட்டுப்பன்றி, அண்ணன்மார் கூடவே நிற்கும் சாம்புவன். கொங்கு நாட்டில் இதையே அண்ணன்மார் சாமி கதை என்று உடுக்கடித்துப் பாடுவார்கள். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அந்த உடுக்கைப் பாட்டைப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்தார். அவ்வளவு நீளம். நிலத்துக்காக நடந்த சண்டையின் கதை அது. வேளாண் குடியும் வேட்டுவக் குடியும், ஏரும் வில்லும், ஒரு மண்ணை யார் ஆள்வது என்று மோதுகிறார்கள். கடைசியில் படுகளத்தில் அண்ணன்மார் மாண்டுபோக, தங்கை காடெல்லாம் தேடி வந்து அவர்களைக் காண்கிறாள்.

சொந்தமென்று ஒரு சாண் நிலமில்லாதவர்கள் இந்தக் கதையை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? அவர்கள் கிளம்பிய ஊர்களைப் பார்த்தால் பாதி விளங்கும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தே இலங்கைத் தோட்டங்களுக்கு மிகுதியான ஆட்கள் போனார்கள். பண்ணையில் உழைத்துப் பஞ்சத்தில் பெயர்ந்த குடிகள் அவை. கதை அவர்கள் ஊர்க் கதை. சாமி அவர்கள் ஊர்ச் சாமி. இன்னொரு பாதி, சாம்புவனிடம் இருக்கிறது என்பது என் எண்ணம். அண்ணன்மாருக்குப் பின்னால் பறையும் ஆயுதமும் தாங்கி நடந்து, சண்டையில் முன்னால் நிற்கிறவன் அவன். தப்படிக்கிறவர்கள் அந்தக் கதைக்குள் வெறும் பார்வையாளர்களாக நிற்கவேண்டியதில்லை. அவர்களுக்கென்று ஒரு பெயர் அதற்குள் இருந்தது.

முதல் பயணம் 1820-களில் தொடங்குகிறது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடை. தண்ணீர் இல்லாமல், காய்ச்சலில், வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் பருவத்தில்தான். பறித்து முடித்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். அடுத்த பருவத்தில் மீண்டும் வந்தார்கள். ஆகவே அந்தக் காலத்தில் பாட்டும் போய்வந்து கொண்டிருந்தது. இங்கே மறந்த அடியை அங்கே போய்க் கேட்டுச் சரிபண்ணிக்கொண்டு வரலாம். 1869-இல் கோப்பி இலையில் பூஞ்சை விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும். வருடம் முழுக்க ஆள் வேண்டும். லயங்கள் நிரந்தரமாயின. ரயில் 1884-இல் ஹற்றனுக்கும், 1885-இல் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவுக்கும் வந்துசேர்ந்தது. பாட்டு அதன்பிறகு ஊர் திரும்பவில்லை. பத்தடிக்குப் பத்தடி காம்பராவில் குடியேறிவிட்டது.

கூடவே சாமிகளும் குடியேறின. மதுரைவீரனும் முனியாண்டியும் மாடசாமியும் மலையடிவாரத்தில் கல்லாக நின்றார்கள். தோட்டத்து வேலை புதுச் சாமிகளையும் பெற்றுப்போட்டது: செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்திக்கு ஒரு கவ்வாத்துச்சாமி, ஸ்டோரில் சுழலும் பெரிய ரோதைக்கு ஒரு ரோதைமுனி. சாமி புதிதாகப் பிறக்கிற இடத்தில் பாட்டு மட்டும் பழையபடியே இருக்குமா?

இருக்கவில்லை. மலையகப் பாட்டைப் பற்றி எனக்குள்ள முக்கியமான எண்ணம் இதுதான்: நெடும்பாட்டு மலையேறியபோது உடைந்தது. வயல்வேலை கூட்டாக நடக்கும்; நாற்று நடுகிறவர்கள் ஒரே வரப்போரம் குனிந்து நிற்பார்கள், ஒருத்தி கதை எடுத்துவிட்டால் மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். கொழுந்து மலையில் அப்படி இல்லை. ஆளுக்கொரு நிரை. இரண்டு கையும் செடிமேல், முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, மேலே கங்காணியின் கண். பனி மூடிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவளின் முகம் தெரியாது, குரல்தான் வரும். அங்கே ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற பாட்டுத்தான் செல்லும். ஆகவே பெரிய கதை சிறு சிறு துண்டாகி நிரைக்கு நிரை தாவியது. துண்டில் அண்ணன்மாருக்கு இடமில்லை. ஊரில் ஆசைகாட்டி அழைத்துவந்த கங்காணி, சரிந்து விழவைத்த மலை, அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை, சாக்குப்போக்குக் கேளாத துரை, வழியிலே விட்டுவந்த அண்ணன் என்று நாலு வரியில் ஒரு முழுக் கதையின் முனை மட்டும் வெளியே தெரியும். மீதியைக் கேட்கிறவள் தன் வாழ்க்கையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்வாள்.

இந்தத் துண்டுகளைத் தனிப்பாட்டு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உடைந்த கதைப்பாட்டின் சில்லுகள் அவை. ஆளும் இடமும் நிகழ்ச்சியும் அவற்றில் அழியாமல் இருக்கின்றன.

முழுப்பாட்டு பிழைத்தது கூத்து இரவுகளில்தான். மலையகத்தில் மூன்று கூத்துகள் பெரிது: மாசியில் கம்பம் நட்டு ஆடும் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மூன்றுக்கும் ஒரு முழு இரவு வேண்டும். தோட்டத்து வாழ்க்கையில் இரவு முழுக்க விழித்திருப்பது சின்னக் காரியமில்லை, மறுநாள் பேர் போய்விடும். அதற்காக வரிப்பணம் எடுத்து, மாதக்கணக்கில் பழகி, துரையிடம் கேட்டு, ஒரு நாளைத் தங்களுக்கென்று பிடுங்கிக்கொண்டார்கள். காலையில் ஆட்களை எழுப்பப் பிரட்டுத் தப்பு என்று அடிப்பார்களே, அதே தப்புத்தான் கூத்துக்கும் அடித்தது. ஐந்து மணி இருட்டில் மனிதரை வேலைக்கு விரட்டிய தோல், அந்த ஓர் இரவில் சங்கர் குதிரை ஏறுவதற்கு முழங்கியது.

இனிக் கொஞ்சம் துரைமார் பக்கமும் பார்க்கவேண்டும். தலவாக்கலையைச் சுற்றி ஹோலிரூட், லோகி, சென்ட் கிளேர், டெவன் என்று தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. ஹோலிரூட் எடின்பரோவில் இருக்கும் அரண்மனை. இலங்கைத் துரைமாரில் நிறையப் பேர் ஸ்கொட்லாந்துக்காரர்கள், அதிலும் அதன் வடகிழக்குச் சீமைக்காரர்கள். ஜேம்ஸ் டெய்லர் பிறந்தது அங்குள்ள கின்கார்டின் மாவட்டம். பேலட் என்னும் பாட்டு வகை மிகச் செழித்த மண் அது. அபர்டீன் சீமையில் பள்ளி ஆசிரியராக இருந்த கவின் கிரெய்க், ஜேம்ஸ் டங்கன் என்ற பாதிரியாரோடு சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சீமையில் மட்டும் ஆயிரக்கணக்கான பாட்டுகளைத் திரட்டினார். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட பெருந்தொகுப்பில் 305 பேலட்டுகள் இருக்கின்றன. அரசி மேரியின் அரண்மனைத் தோழி ஒருத்தி தூக்குமேடை ஏறும் கதை அவற்றில் பேர்போனது.

அந்தச் சீமையில் இன்னொரு வகைப் பாட்டும் உண்டு. பண்ணைகளில் ஆறு மாத ஒப்பந்தத்துக்கு வேலைசெய்த இளைஞர்கள் தங்கிய கூலிக்கொட்டடிக்குப் பொத்தி என்று பெயர். அங்கே இரவில் அவர்கள் கட்டிய பாட்டுகள் பொத்திப் பாட்டுகள். டிரம்டெல்கி என்ற பண்ணையின் பெயரையே தாங்கிய ஒரு பாட்டு, இருட்டில் எழுப்பி வேலை வாங்கியதைச் சொல்லிப் பண்ணைக்காரரை ஊரறியச் செய்கிறது. பண்ணை எது, எழுப்பிய நேரம் எது, கொடுத்த சாப்பாடு எப்படி என்று எல்லாம் பெயர் சொல்லித்தான் வரும். லயத்துக் காம்பராவில் கட்டிய பாட்டும் அதே வேலையைத்தான் செய்தது. அந்தப் பாட்டுகள் முழங்கிய சீமையில் வளர்ந்த ஒருவர் இங்கே வந்து துரையானபோது, தன் தோட்டத்து நிரைகளுக்கிடையில் அதே வகைப் பாட்டு தன்னைப் பற்றியே போய்க்கொண்டிருந்ததை அறிந்திருப்பாரா? மொழி தெரியாத காது அது. தமிழ் பழகிய துரைமாருக்கும் வேலை ஏவும் தமிழ்தான் வேண்டியிருந்தது.

அச்சுக்கு முதலில் ஏறியது தொழிலாளியின் பாட்டு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869-இல் வெளிவந்தது. கோப்பிச் செய்கையை எப்படிச் செய்வது, அதன் பயன் என்ன என்று கும்மி மெட்டில் நீளமாகச் சொல்லும் நூல். மலைநாட்டுத் தோட்டத்தைப் பாடிய முதல் அச்சுநூல்களில் ஒன்று என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது தோட்டத்தை முதலாளி நின்ற இடத்திலிருந்து பார்க்கிறது. கும்மி கொட்டியவளின் கையைப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தவை சென்னையில் அச்சான ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள். நல்லதங்காள், பவளக்கொடி, அல்லி அரசாணி மாலை. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் இஸ்தோப்புத் திண்ணையில் குப்பி விளக்கோடு உட்கார்ந்து ராகம்போட்டு வாசிக்க, லயமே சுற்றி உட்காரும். பாடகருக்குப் பதில் வாசகர் வந்த காலம். பாட்டு நாவை விட்டுத் தாளுக்குப் போயிருந்தது. கேட்கும் காது மட்டும் மாறவில்லை.

அந்தக் காதை நன்றாகப் புரிந்துகொண்ட இருவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த பத்திரிகையாளர் நடேசய்யர். துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் வெளியார் கால்வைக்க முடியாத காலத்தில், துணி வியாபாரி வேடத்தில் உள்ளே புகுந்து நிலைமையைப் பார்த்தவர் என்று சொல்வார்கள். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்குத் தனிச் சங்கம் கண்டார். கூட்டம் தொடங்குமுன் மீனாட்சி அம்மை பாடுவார். பேச்சைக் கேட்கக் கூடாதவர்கள் பாட்டைக் கேட்கக் கூடினார்கள். 1939-இல் நாட்கூலி இந்தியர்களை அரசாங்க வேலையிலிருந்து நீக்கியபோது எழுந்த கொதிப்பில், 1940-இல் மீனாட்சி அம்மை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். இங்கேதான் கதைப்பாட்டு பெரிய திருப்பம் ஒன்றை எடுக்கிறது. வீரன் இல்லை, வீரனுடைய தங்கை இல்லை. கதைத்தலைவர் ‘நாம்’. காடு வெட்டியது, மலையைப் பச்சையாக்கியது, பிறகு வெளியே போ என்று கேட்டது எல்லாம் ஒரு சமூகத்துக்கு நடந்த கதை. பாட்டைக் கட்டியவரும் பாடியவரும் பெண். நாட்டைப் பேசும் பாட்டுப் புத்தகத்தின் முகப்பில் ஒரு பெண் தன் பெயரைப் போட்டது அன்றைக்கு எவ்வளவு துணிச்சல்!

அதே 1940-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் தேதி, ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பளத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். கதைப்பாட்டு ஒன்றுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது: பெயர், ஊர், நாள், அநியாயச் சாவு. தமிழ்நாட்டில் இப்படி ஒன்று நடந்தால் வாரத்துக்குள் காலணாச் சிந்து சந்தைக்கு வந்துவிடும். கோவிந்தன் பெயர் சங்க மேடைகளில் நின்றது. வீரப்பூர்க் கதையைப் போல ஓர் இரவு பிடிக்கும் கதையாக வளரவில்லை. கதை வளர வேண்டுமானால் அதை ஊர் ஊராகக் கொண்டுபோகும் பாடகர் வேண்டும், அவர் தங்கத் திண்ணை வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் காவல் போட்ட நாட்டில் பாடகர் எப்படி நடப்பார்?

பிறகு வருகிறார் சி. வி. வேலுப்பிள்ளை. தலவாக்கலைக்குப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர். தாய்வழியில் கங்காணிக் குடும்பம், ஆகவே லயத்துப் பாட்டைப் படியேறி நின்றும் கேட்டவர், பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்டவர். 1947-இல் முதல் பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரை அனுப்பியது. தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி.வி. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள், வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர் போயிற்று. பேர் மறுபடியும் கூலி என்ற பொருளுக்கே சுருங்கியது.

வாக்காளர்களை இழந்த அந்த எம்.பி. அவர்களுடைய பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்கு வந்த அவருடைய ஆங்கில நெடுங்கவிதையைப் பலரும் அறிவார்கள். அதைவிட அவருடைய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பையே நான் அதிகம் புரட்டியிருக்கிறேன். 1983-இல் வந்தது அந்த நூல். நிரையில் பாடியது, பொலியில் பாடியது, சாவு வீட்டில் பாடியது என்று அத்தனை சில்லும் ஒரே இடத்தில். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவருக்குப் பின் சாரல் நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ என்ற நூலில் அந்த வேலையைத் தொடர்ந்தார். நடேசய்யரின் வாழ்வை எழுதியவரும் அவர்தான்.

சி.வி. சேர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே பாட்டு இன்னொரு தடவை உடைந்தது. 1964 ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, நாடற்றவர்களான 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு. அண்ணன் பெயர் ஒரு பட்டியலில், தங்கை பெயர் இன்னொரு பட்டியலில். தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சியை அழுகைக் கோச்சி என்றார்கள். ரயில் மேடையில் எழுந்த ஒப்பாரியைக் கேட்டவர்கள், செத்தவர் இல்லாத ஒப்பாரி அது என்பார்கள். நூற்றாண்டுக்கு முன் மன்னார் வழியாக வந்த பாட்டு, பாதி தொண்டையோடு மன்னார் வழியாகவே திரும்பிப் போயிற்று. போனவர்கள் நீலகிரியில், கூடலூரில், கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள்.

இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 1977 மே 11-இல் டெவன் தோட்டத்தில் தொழிலாளர் திரண்டபோது, சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் சுடப்பட்டு இறந்தார். டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வண்டி நிறுத்துகிறவர்கள் நிற்கும் சாலையிலிருந்து அந்த மலைகள் தெரியும். நிலத்துக்காக ஒரு சாவு. வீரப்பூர்க் கதையும் நிலத்துக்காகத்தான்.

இப்போது கூத்து வாத்தியார்களிடம் கொப்பிகள் இருக்கின்றன. கோப்பி கொண்டுவந்த சனத்தின் பாட்டைக் கொப்பி காப்பாற்றுகிறது. அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, ஒருவர் கையெழுத்தின்மேல் இன்னொருவர் திருத்தம். கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் லீவு போட்டுவந்து வேடம் கட்டுகிறார்கள். வரமுடியாதவர்களுக்காக யாராவது கைபேசியில் எடுத்து அனுப்புகிறார்கள். அடிகள் சில விட்டுப்போயின, சினிமா மெட்டுச் சில நுழைந்தன. அதற்காக வருந்துகிற பெரியவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. மன்னார்க் காட்டைத் தாண்டிய பாட்டு ஒரு சினிமா மெட்டில் செத்துவிடாது. சாம்புவன் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் போகும் வருடத்தை நினைத்துத்தான் பயப்படுவேன்.

விடியும் நேரத்துக்குப் படுகளம் வரும். அண்ணன்மாராக ஆடியவர்கள் தரையில் சாய்ந்துவிடுவார்கள், மேலே வேட்டி போர்த்தி. பனி இறங்கிய மண். சுற்றி நிற்கும் பெண்கள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயைப் பொத்தியபடி அழுவார்கள். தங்காள் வேடக்காரர் கூட்டத்தைச் சுற்றி வருவார். கதையில் அவள் காடு காடாகத் தேடி வந்தவள், ஆகவே அவசரப்படமாட்டார். தேடித் தேடி, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவார். தண்ணீர் தெளிப்பார். கதைப்படி அண்ணன்மார் எழுவது கொஞ்ச நேரத்துக்குத்தான். தங்கையோடு பேசிவிட்டு மறுபடியும் சாய்ந்துவிடுவார்கள். தோட்டத்தில் அவர்கள் எழுந்து, முகத்து அரிதாரத்தைத் துண்டால் துடைத்து, யாரோ நீட்டும் வெறுந்தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்குவார்கள். மலை உச்சியில் வெளிச்சம் வந்திருக்கும். தப்பு இன்னும் ஓய்ந்திருக்காது.